எழுதாமல் விட்ட ஒரு வரி

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நோட்டு கிடக்கும். பிபி, நாடித்துடிப்பு, சர்க்கரை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சிறுநீர் எத்தனை மில்லி, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம் என்று எல்லாம் அதில் ஏறும். நான் எழுதிய அப்படியொரு நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம் இருக்கிறது. காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. பிற்பகல் 3 மணிக்கு, நான் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி அம்மா குளியலறையில் விழுந்தார் என்ற வரி மட்டும் அதில் கிடையாது.

மறந்து போய் விட்டதல்ல. தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன்.

அப்போது வீட்டுச் செவிலியராக எனக்கு ஆறாவது வருடம். அதற்கு முன்னால் 5 வருடம் வார்டில் வேலை பார்த்திருந்தேன். இப்போது மொத்தம் 16 வருடம் ஆகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, வீட்டுக்காரங்களோட எவ்வளவு பழகலாம்?" அவர்களிடம் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அந்தப் பக்கத்தில்தான் போய் நிற்கிறேன். அதனால் அதை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

வார்டில் எல்லையை நாம் போட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. பார்வையாளர் நேரம் இருக்கிறது, மூன்று ஷிப்ட் இருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் படுத்திருக்கிறார், மேசையில் இன்சார்ஜ் சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறார். நோயாளி நம் இடத்துக்கு வந்திருக்கிறார். வீட்டு வேலையில் நாம் அவருடைய இடத்துக்குப் போகிறோம். பையை எங்கே வைக்கலாம், எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதைக்கூட அவர்கள்தான் சொல்ல வேண்டும். பிறகு 12 மணி நேரம் நாம் என்ன செய்கிறோம் என்று பார்க்க இன்னொரு செவிலியர் இல்லை. பீரோ திறந்து கிடக்கிறது. அடுத்த அறையில் நடக்கிற சண்டை காதில் விழுகிறது. மூன்றாவது வாரத்தில் "நீ இந்த வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டு மனம் குளிராதவர்கள் இந்த வேலைக்கு வந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் வீட்டுப் பெண்ணுக்கு டியூட்டி நேரம் கிடையாது. வீட்டுப் பெண் வீட்டு ரகசியத்தை வெளியே சொல்லமாட்டாள். அந்த இரண்டையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனமாகியிருந்தது. காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் படபடக்கும்போது அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போய்விடலாம். மறுபடி அப்படி ஆகாமலிருக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் கூடவே இருந்தார், ஆனால் காலையில் போனால் இரவுதான் வருவார். மகள் வேறு ஊரில். தினமும் இரவில் போன் செய்து என்னிடம் நிலவரம் கேட்பார்.

நான் போன புதிதில் அம்மாவால் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போடக்கூட முடியாது. ஏழு மாதத்தில் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக் குளியலறை வரை நடந்தார். முதல் நாள் அப்படி நடந்தபோது இரண்டு பேரும் அழுதோம். அதற்குள் அவர் என்னை மகளே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். என் சொந்தப் போன் நம்பர் அவரிடம் இருந்தது. விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கி வந்தேன். மகளோடு அவருக்கு மனத்தாங்கல் வந்தபோது நான் நடுவில் பேசினேன். ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் சின்ன உதவியாகத்தான் தெரிந்தது. என் அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நான் கொடுத்ததைவிட வாங்கிக்கொண்டது அதிகம். வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவரைக் கமோடில் உட்கார வைத்தேன். "நீ கொஞ்சம் வெளிய நில்லு மகளே, கூச்சமா இருக்கு" என்றார். நின்றேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, சத்தம் கேட்டது. எழுந்திருக்கத் தானே முயன்று, ஈரத் தரையில் இடது கால் வழுக்கி, பக்கவாட்டில் சரிந்திருந்தார். வாஷ்பேசின் விளிம்பில் தலை இடித்திருந்தது. காதுக்கு மேலே முடிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வீக்கம். ரத்தம் இல்லை. கட்டிலில் படுக்க வைத்து பிபி பார்த்தேன், டார்ச் அடித்துக் கண்பாவை பார்த்தேன், கைகளை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். எல்லாம் பழையபடியே இருந்தது.

நோட்டை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்லாயிருந்த வலது கையால். "எழுதாத மகளே. என் பொண்ணுக்குத் தெரிஞ்சா இனிமே நடக்கவே விடமாட்டா. டயப்பர் போட்டுப் படுக்க வெச்சிடுவாங்க. நான் செத்தாலும் பரவாயில்ல, அது மட்டும் வேண்டாம்."

அவர் சொன்னது வெறும் பயமில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு. ஏழு மாத உழைப்பு கண் முன்னால் இருந்தது. சரி அம்மா என்றேன். பேனாவை மூடினேன்.

மூன்றாவது நாள் சொந்த வேலையாக 10 நாள் விடுப்பில் போனேன். எனக்குப் பதிலாக வந்த செவிலியருக்கு ஹேண்ட்-ஓவர் கொடுத்தேன். மாத்திரை, நடைப்பயிற்சி, அம்மாவுக்குப் பிடித்தது பிடிக்காதது எல்லாம் சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குள் இருந்த ரகசியம், மூன்றாவது ஆளிடம் எப்படிச் சொல்வது என்றிருந்தது.

அந்தப் பெண் நல்ல வேலைக்காரி. அவள் எழுதிய பக்கங்களைப் பிறகு படித்தேன். "தலைவலி என்கிறார்." "பகலில் அதிகம் தூங்குகிறார்." "நடக்கும்போது இடது காலை முன்னைவிட அதிகமாக இழுக்கிறார்." சரியாகத்தான் கவனித்திருக்கிறாள். டாக்டருக்கும் போன் செய்திருக்கிறாள். டாக்டர் கேட்டிருக்கிறார், "சமீபத்துல எங்கயாவது விழுந்தாங்களா?" அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர், அப்படி எதுவும் எழுதல" என்றிருக்கிறாள். அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தார். அவரும் வாய் திறக்கவில்லை.

நான் திரும்பி வந்த காலையில் அம்மா என் பெயரைச் சொல்லத் தடுமாறினார். கட்டிலருகே நின்ற ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மகனைக் கூப்பிட்டு, வாசலில் நின்றே சொன்னேன். ஸ்கேனில் மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. சப்டியூரல் ஹெமடோமா. வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருப்பதால் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன இடியே போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆபத்து இன்னும் கூடுகிறது. கசிவு மெதுவாக இருந்தால் அறிகுறி வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல, பரீட்சையில் எழுதித் தேர்வானவள் நான். மண்டையோட்டில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். அம்மா பிழைத்தார். நடை போய்விட்டது.

மருத்துவமனை நடைவழியில் மகள் என்னிடம் சத்தம் போடவில்லை. "உங்கள நம்பித்தான சிஸ்டர் நாங்க நிம்மதியா இருந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

என்னை வீடுகளுக்கு அனுப்புகிற அலுவலகத்தில் எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். அந்த வீட்டிலிருந்து என்னை மாற்றினார்கள். சரியான முடிவு.

ரகசியம் காப்பது தொழில் தர்மம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். செவிலியர்கள் எடுத்துக்கொள்கிற, 1893இல் எழுதப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழியில், வேலையின்போது தெரியவருகிற சொந்த விஷயங்களையும் குடும்ப விஷயங்களையும் வெளியிடமாட்டேன் என்று ஒரு வரி வரும். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னவள் நான். ஆனால் அந்த வரி ஊருக்குச் சொல்லாதே என்கிறது, டாக்டருக்கும் அடுத்த ஷிப்ட் செவிலியருக்கும் சொல்லாதே என்று சொல்லவில்லை. அம்மா தன் பழைய காலத்து வருத்தங்களை என்னிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அவை இன்றைக்கும் என்னோடுதான் இருக்கின்றன. விழுந்தது அந்த வகையல்ல. மாத்திரையைத் துப்பிவிட்டேன் என்பதும், வாழப் பிடிக்கவில்லை என்பதும், யாரோ அடிக்கிறார்கள், பணத்தைப் பிடுங்குகிறார்கள் என்பதும் அந்த வகையல்ல.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே, குடும்பமும் நோயாளியும் சேர்ந்து இருக்கும்போது இதைச் சொல்லிவிடுகிறேன்: "உங்க மனசுல இருக்கறத என்கிட்ட சொல்லலாம், அது வெளிய போகாது. ஆனா உங்க உடம்புக்கும் உயிருக்கும் சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் நோட்டுல எழுதுவேன், டாக்டர்கிட்ட சொல்லுவேன். அத மறைக்கச் சொன்னா என்னால முடியாது." முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த நேரம் வரும்போது அது துரோகமாகத் தெரியாது. கேட்ட பிறகு சொன்னால் துரோகம்தான்.

அன்று மணிக்கட்டைப் பிடித்த அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். அவர் கேட்டது உண்மையில் எழுதாதே என்பதல்ல, என் நடையை எடுத்துவிடாதே என்பது. அதற்கு வழி இருந்தது. "எழுதாம இருக்க முடியாதும்மா. ஆனா நீங்க நடக்கறத நிறுத்த வேண்டாம்னு உங்க பொண்ணுகிட்ட நானே பேசறேன், உங்க முன்னாடியே பேசறேன்." இதைச் சொல்லிவிட்டு, கமோடுக்குப் பக்கத்தில் கைப்பிடி பொருத்தச் சொல்லியிருக்கலாம். தரைக்கு வழுக்காத விரிப்பு, கமோடுக்கு உயரம் கூட்டும் இருக்கை கேட்டிருக்கலாம். கூச்சத்துக்கு ஒரு திரை போட்டு, கதவைச் சாத்தாமல் கை எட்டும் தூரத்தில் நின்றிருக்கலாம். நான் அவர் பக்கம் நின்றதாக நினைத்தேன். அவர் பக்கம் நிற்பது என்றால் இதையெல்லாம் செய்திருக்க வேண்டும்.

விழுந்தால் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "விழுந்தார், காயமில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். நேரம், இடம், நான் பார்க்கும்போது எந்த நிலையில் கிடந்தார், எங்கே இடித்தது, பிபி, நாடி, கண்பாவை இரண்டும் சமமா, நினைவு எப்படி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம். நினைவைக் குறிக்க 1974இலிருந்து கிளாஸ்கோ கோமா அளவுகோல் இருக்கிறது. கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து அதிகபட்சம் 15. இன்று 15 என்று எழுதியிருந்தால்தான் நாளைக்கு 14 என்பது ஒரு செய்தி. அந்த மாத்திரையும் தலையில் அடியும் சேர்ந்து வந்தால், நன்றாக இருக்கிறார் என்று நாமே தீர்மானிக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

போன் நம்பர் விஷயத்தில் எனக்கு வேறொரு வீட்டில் பாடம் கிடைத்தது. அங்கே ஐயா ஒருவருக்கு இன்சுலின். மருமகளிடம் என் சொந்த நம்பரைக் கொடுத்து, "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லியிருந்தேன். அன்பாகத்தான் சொன்னேன். ஒரு நாள் நடுராத்திரி 1.40க்கு ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது, பேச்சு குழறியிருக்கிறது. சர்க்கரை 52. அந்தப் பெண் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒன்பது தடவை. என் போன் சைலன்ட்டில் இருந்தது. 25 நிமிடம் என் நம்பரையே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். காலை 5 மணிக்கு எழுந்து அந்த ஒன்பது மிஸ்டு காலைப் பார்த்தபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. ஐயா தப்பித்துவிட்டார்.

நான் நம்பர் கொடுத்திருக்காவிட்டால் அவள் முதல் நிமிடத்திலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பாள். தூங்கப் போகிற ஒரு மனுஷி அவசர உதவி எண்ணாக இருக்க முடியாது. இப்போது கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டுகிறேன். ஆம்புலன்ஸ், டாக்டர், அலுவலக எண், அந்த வரிசையில். அதற்குக் கீழே அந்த நோயாளிக்கு வரக்கூடிய அவசர நிலை இரண்டு வரியில். சர்க்கரை நோயாளி என்றால்: 70க்குக் கீழே போய், நினைவும் விழுங்கும் திறனும் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை, மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸ். என் நம்பர் அந்தத் தாளில் இருக்காது. "உங்க நம்பர் தாங்க சிஸ்டர்" என்று கேட்டால், "நான் எடுக்கலன்னா நீங்க காத்துட்டு இருப்பீங்க, அது ஆபத்து. அலுவலகத்துல எந்த நேரமும் ஆள் இருப்பாங்க" என்று காரணத்தைச் சொல்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இவ்வளவு சொன்னதும் "அப்போ ஒதுங்கியே இருக்கணுமா?" என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. அமெரிக்காவின் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் இதை ஒரு கோடாகப் போட்டுக் காட்டுகிறது. ஒரு முனையில் ஈடுபாடே இல்லாமை, இன்னொரு முனையில் அளவு மீறிய ஈடுபாடு, நடுவில்தான் நோயாளிக்கு உதவுகிற பகுதி. அந்த முதல் முனையையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் எனக்கு முன்னால் இருந்தவர் காதில் இயர்போனோடு 12 மணி நேரத்தையும் கழித்திருக்கிறார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததாக நோட்டில் டிக் மட்டும் இருந்தது. முதல் நாள் நோயாளியைத் திருப்பியபோது இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து, சிவந்த புண். அதுவும் எல்லை மீறல்தான். அன்பில்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த அன்பு இப்போது யாருடைய தேவைக்காக என்பது.

எனக்கென்று சில அடையாளங்கள் வைத்திருக்கிறேன். ஒரு நோயாளிக்கு மட்டும் நேரத்துக்கு முன்பே போகத் தோன்றினால். என்னைத் தவிர யாராலும் இவரைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நினைக்க ஆரம்பித்தால். அவருடைய மகன் மேலோ மகள் மேலோ எனக்குக் கோபம் வந்தால். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் இதைச் செய்ய மாட்டேனே என்று ஏதாவது தோன்றினால். கடைசியாகச் சொன்னது எனக்கு இதுவரை தப்பியதே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் அறையில் இருந்திருந்தால் பேனாவை மூடியிருப்பேனா?

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏடிஎம் கார்டு, பின் நம்பர், பீரோ சாவி எதையும் கையில் வாங்காதீர்கள். கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். பொருள் ஒன்று காணாமல் போனால் முதல் சந்தேகம் நம் மேல்தான் விழும். பரிசுக்கு அலுவலகத்தில் என்ன விதியோ அதன்படி. விதி இல்லையென்றாலும் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுத்தான். ஒரு பெரியவர் இறந்துபோன தன் மனைவியின் மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அதைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டமாக இருந்தது. "இத வாங்கினா நாளைக்கு நான் இங்க வர முடியாது ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நீ வரணும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

சொத்துப் பிரச்சினை உள்ள வீடுகளில் இன்னும் கவனம் தேவை. ஒரு வீட்டில் இரண்டு அண்ணன் தம்பி. ஆளுக்கு ஒரு பக்கம் என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்பா அவன்கிட்ட என்ன சொன்னார்?" என்று கேட்பார்கள். ஒருநாள் மூத்தவர் ஒரு பத்திரத்தை நீட்டி சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்பாவுக்கு அன்று மதியம் வரை நான் யார் என்றே தெரியவில்லை. "அப்பாவோட உடம்பப் பத்தி மட்டும்தான் சார் என்னால சொல்ல முடியும். இது என் வேலை இல்ல" என்றேன். அன்றே அலுவலகத்துக்கும் தெரிவித்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு முறை வைத்துக்கொண்டோம்: நிலவரத்தை நோட்டிலிருந்து வாசிப்பேன், இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம். ஒருவருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் சொன்னால் நாமும் அந்தச் சண்டையில் ஒரு கட்சி ஆகிவிடுவோம்.

நம் உடம்பைச் சுற்றியும் ஒரு எல்லை இருக்கிறது, அதைப் பேச வெட்கப்படக் கூடாது. ஒரு வீட்டில் நோயாளியின் உறவினர் ஒருவர், நான் டிரெஸ்ஸிங் செய்யும்போதெல்லாம் வாசலை அடைத்து நிற்பார். பிறகு பேச்சு மாறியது. பிறகு தோளில் கை. நோயாளி பாவம் என்று மூன்று வாரம் பொறுத்துக்கொண்டேன். அது தவறு, அந்த மூன்று வாரத்தில் அவருக்குத் துணிச்சல்தான் கூடியது. முதல் தடவையிலேயே, சத்தமாக, "இப்படித் தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுத்தில் போக வேண்டும். வேலை செய்யும்போது கதவு நம் பின்னால், நாம் எளிதில் வெளியேறும் பக்கத்தில் இருக்கட்டும். மூளைத் தேய்வு நோயால் நோயாளியே அப்படி நடந்துகொண்டால் அதை நோயாகத்தான் பார்க்க வேண்டும், அவர் மேல் கோபம் கூடாது. ஆனாலும் எழுத வேண்டும், குளிப்பாட்டும்போது இரண்டாவது ஆள் கேட்க வேண்டும். நோய் என்பதற்காக நாம் சகித்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அப்புறம், நோயாளியோடு எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது. பிறந்தநாள் என்றாலும் வேண்டாம். அவர் சம்மதித்தாலும் வேண்டாம். நம்மை நம்பியிருக்கிற ஒருவர் நம்மிடம் எப்படி மறுப்பார்?

அந்த அம்மா வீட்டுக்குத் திரும்பி நாலு மாதம் ஆன பிறகு, அலுவலகத்துக்கு மகள் போன் செய்திருந்தார். அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாராம். நான் தனியாகப் போகவில்லை. சூப்பர்வைசர் மேடம் கூட வந்தார், அரை மணி நேரம் என்று சொல்லியே போனோம். அறையில் கட்டில் இடம் மாறியிருந்தது. குளியலறையில் கைப்பிடி போட்டிருந்தார்கள், அவர் நடப்பதில்லை என்றாலும். புதிய செவிலியர் எழுந்து நின்றாள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான மகளே சொல்ல வேண்டாம்னேன்" என்றார். பேச்சு கொஞ்சம் குழறலாக வந்தது.

"நீங்க கேட்டீங்கம்மா. எழுத வேண்டியது நான்" என்றேன்.

அப்புறம் பழைய கதைகள் பேசினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன், அவருடைய இடது கைக்கு அடியில் வைத்திருந்த தலையணை நழுவித் தோள் கீழே தொங்கியது. பக்கவாதம் வந்த தோள் அப்படித் தொங்கினால் மூட்டு விலகும், வலி வரும். என் கை தானாகவே போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். புதிய செவிலியரைப் பார்த்தேன். அவள் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் "கையத் தூக்கி வைக்கிறேன்மா" என்று சொல்லி, தலையணையைச் சரியாக வைத்தாள். பிறகு நோட்டை எடுத்து, மணி பார்த்து, எழுதினாள்.